பின்பக்கத்துக் கைகள்

கைக்கோடும் கணினியும் கலந்த குறும்படங்கள் பற்றி

போன வருசம் ஐப்பசி மழையில் ஒருநாள் எங்க காலனி இரவுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சில அனிமேஷன் குறும்படங்கள் போட்டுக் காட்டினோம். இரவல் வாங்கின புரொஜக்டர். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. கரண்ட் ரெண்டு தடவை போய் ரெண்டு தடவை வந்தது. முதலில் போட்ட படம் 'பேப்பர்மேன்'. முடிந்ததும் எட்டாவது படிக்கிற பொண்ணு எழுந்து கேட்டாள்: "அக்கா, இது கையில வரைஞ்சதா, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் சித்தப்பா சொன்னார்: "அத வுடு. வரைஞ்ச ஆளு இன்னும் வேலையில இருக்கானான்னு கேளு."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். இரண்டாவது கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. கலை விமர்சனம் எழுதுகிற பலரும் யோசிப்பதில்லை. படத்தில் கை தெரிகிறதா என்று பார்ப்போம். கைக்குச் சொந்தக்காரர் எங்கே என்று கேட்கமாட்டோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்தது.

சித்தப்பா இருபது வருசத்துக்கு மேல் சுவர் எழுதினவர். கட்சி விளம்பரம், சிமெண்ட் விளம்பரம், உர விளம்பரம், எதுவாக இருந்தாலும் நூலை நீலத்தில் தோய்த்து இழுத்துத் தட்டிக் கோடு போட்டுவிட்டு, அளவெடுக்காமல் எழுத ஆரம்பிப்பார். கடைசி எழுத்து சரியாகச் சுவர் முனையில் வந்து நிற்கும். ஊர்த் தெருவில் வீட்டு வெளிச்சுவர் முழுக்க அவர் கை படலாம். அதே வீட்டு வாசற்படியில் அவர் கால் படக்கூடாது. தண்ணி கேட்டால் சொம்பைத் தூக்கி ஊற்றுவார்கள், இவர் இரண்டு கையையும் ஏந்திக் குடிக்க வேண்டும். எனாமல் பெயிண்ட் காயாத கையில் தண்ணி நிற்காமல் ஒழுகும் என்பார்.

2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. வேலை போனது. வேலை போனதை அவர் பெரிதாகப் பேசமாட்டார். அவர் பேசுவது வேறொன்றை. டவுனில் பேனர் அடிக்கிற ஒருவர் இவரைக் கூப்பிட்டு, சார்ட் பேப்பரில் 'அ' முதல் 'ன' வரைக்கும் பிரஷ்ஷால் எழுதித் தரச் சொன்னாராம். "சும்மா ஒரு மாடலுக்கு." எழுதிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய். அந்த எழுத்தை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்க பக்கத்துக் காதுகுத்து பேனரிலும் கண்ணீர் அஞ்சலி பேனரிலும் சித்தப்பாவின் கை இருக்கிறது. சித்தப்பா வெள்ளையடிக்கிற வேலைக்குப் போகிறார். போகிற வழியில் பேனரைப் பார்த்து, "என் 'ழ'வப் பாரு, வாலு அப்பிடியே இருக்குது" என்பார்.

கை போய்விட்டது, கைக்கோடு இருக்கிறது. 'பேப்பர்மேன்' பற்றிப் பேச இந்தக் கதை எனக்குத் தேவைப்படுகிறது.

*

'பேப்பர்மேன்' ஜான் கார்ஸ் இயக்கிய படம். டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டூடியோ 2012 நவம்பரில் 'ரெக்-இட் ரால்ஃப்' என்கிற முழுநீளப் படத்துக்கு முன்னால் இதைத் திரையரங்குகளில் காட்டியது. சுமார் ஆறரை நிமிடம். பேச்சே கிடையாது. பழைய நியூயார்க். ரயில் நடைமேடையில் நிற்கிற ஓர் அலுவலக ஊழியனின் கையிலிருந்து ஒரு தாள் பறந்து, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தில் ஒட்டுகிறது. அவளுடைய உதட்டுச் சாயம் தாளில் பதிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பாக இருப்பது அது ஒன்றுதான். பிறகு அவன் தன் மேசையில் குவிந்து கிடக்கும் படிவங்களை எல்லாம் காகித விமானங்களாக மடித்து, எதிர்க் கட்டடத்தில் தெரியும் அவளை நோக்கி ஜன்னல் வழியே விடுகிறான். முறைக்கிற மேலதிகாரி, வரிசை வரிசையாக மேசைகள், குமாஸ்தா வாழ்க்கை. கடைசியில் விமானங்களே உயிர்பெற்று இரண்டு பேரையும் சேர்த்து வைக்கின்றன.

பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். நானும்தான். அந்த மனிதனின் மூக்குக் கோட்டில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முடிக் கற்றை ஒரே இழுப்பில் வந்தது போல இருக்கிறது. ஆனால் தலை திரும்பும்போது உருண்டையான ஒரு பொருள் திரும்புகிற கனமும் இருக்கிறது. தாளில் வரைந்த படத்தில் இந்தக் கனத்தைக் கடைசிவரை தவறாமல் காப்பாற்றுவது கடினம். சாதாரணக் கணினிப் படத்தில் அந்த நடுக்கம் கிடைப்பது கடினம். இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் இந்தப் படத்தின் அழகு. இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

எப்படிச் செய்தார்கள்? உருவங்களை முதலில் கணினியில் முப்பரிமாணப் பொம்மைகளாகச் செய்து அசைய விட்டார்கள். அந்த அசைவின் மேல் ஓவியர்கள் மின்பேனாவால் கோடு வரைந்தார்கள். எல்லாச் சட்டகத்திலும் வரையவில்லை. முக்கியமான சட்டகங்களில் மட்டும். பிரையன் வைட்டட் என்கிறவர் உருவாக்கிய 'மியாண்டர்' என்னும் மென்பொருள் அந்தக் கோட்டை அடியிலுள்ள பொம்மையின் அசைவோடு ஒட்டவைத்து அடுத்தடுத்த சட்டகங்களுக்கு எடுத்துக்கொண்டு போகும். இங்கே ஒரு படம், அங்கே ஒரு படம் என்று வரைந்து வைத்தால் நடுவில் வரவேண்டிய படங்களை அது கணக்குப் போட்டுத் தரும். ஓவியர் திருத்தலாம், அழிக்கலாம், திரும்ப வரையலாம். ஆக அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில், ரெண்டும்தான்.

2013 பிப்ரவரி 24 அன்று சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது. கைக்கலையும் கணினியும் கைகோத்துவிட்டன, இனிச் சண்டையில்லை என்பதாகப் பலர் எழுதினார்கள்.

இனிச் சித்தப்பாவின் கேள்வி. அடுத்த மாதமே, மார்ச்சில், டிஸ்னி தலைவர் பாப் ஐகர் பங்குதாரர் கூட்டத்தில், கையால் வரையும் முழுநீளப் படம் எதுவும் நிறுவனத்தின் தயாரிப்பில் இல்லை என்று சொன்னார். அதற்கடுத்த மாதம், ஏப்ரலில், ஆட்குறைப்பு. பல பத்தாண்டுகள் அங்கே வரைந்த மூத்த கையோவியர்களும் அதில் வெளியே போனார்கள். மியாண்டர்தான் அவர்களை வெளியேற்றியது என்று நான் சொல்லவில்லை. கையோவியப் படங்களுக்குச் சந்தையில்லை என்ற முடிவு அதற்கு ரொம்ப முன்பே எடுக்கப்பட்டது. ஆனால் கையின் கோட்டைக் கொண்டாடி விருது வாங்கின வீடு, இரண்டே மாதத்தில் கைகளுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பியது என்பது வரலாறு. பிற்பாடு சில இளைஞர்களுக்கு அங்கே கையோவியப் பயிற்சி தந்தார்கள். 2023-ல் பழைய பாத்திரங்களைக் கையாலும் கணினியாலும் வரைந்து ஒன்றுசேர்த்த 'ஒன்ஸ் அப்பான் எ ஸ்டூடியோ' என்ற குறும்படமும் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனத்துக்குக் கை தேவைப்படுகிறபோது கூப்பிடும், தேவையில்லாதபோது அனுப்பும். எங்க ஊர் அறுவடைக்கும் அதே வழக்கந்தான்.

*

நடுவில் வரவேண்டிய படங்களைக் கணினி போட்டுக்கொடுக்கிறது என்றேன். அந்த 'நடு' எது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். ஆறு நிமிடப் படத்தில் ஒரே ஓர் உருவம் இருந்தால்கூட நாலாயிரத்துக்கு மேல் ஓவியம். பழைய ஸ்டூடியோவில் பெரிய ஓவியர் கை ஓங்குவதை ஒரு படம், அடிப்பதை ஒரு படம் என்று முக்கியப் படங்களை மட்டும் வரைவார். நடுவில் உள்ளதை எல்லாம் இன்னொருவர் நிரப்ப வேண்டும். 'இன்பிட்வீனர்' என்று பெயர். நாம் 'இடைப்படக்காரர்' என்று வைத்துக்கொள்ளலாம். ஏணியின் அடிப்படி அது. கூலி குறைவு, பெயர் பெரும்பாலும் வராது. சலிப்பான வேலை.

ஆனால் படிக்கு ஒரு குணம் உண்டு, அதில் கால் வைத்துத்தான் மேலே ஏற முடியும். ஃபிளாய்ட் நார்மன் என்கிற கறுப்பின ஓவியர் 1956-ல் டிஸ்னியில் சேர்ந்தபோது 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்துக்கு இடைப்படம் வரைகிறவராகத்தான் சேர்ந்தார். அந்த ஸ்டூடியோவில் நிலைத்த முதல் கறுப்பின அனிமேட்டர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். பிறகு 1967-ல் வந்த 'ஜங்கிள் புக்' படத்தின் கதைப் பிரிவுக்கு உயர்ந்தார். அவர் நுழைந்த வாசல் இடைப்பட வாசல். மென்பொருள் இடைப்படத்தை நிரப்பினால் ஓவியருக்குச் சலிப்பான வேலை மிச்சம் என்கிறார்கள். உண்மைதான். எந்த ஓவியருக்கு? ஏற்கெனவே உள்ளே போய்விட்டவருக்கு. வாசலில் நிற்கிறவருக்கு எந்தப் படி என்று யாரும் சொல்வதில்லை.

*

இது 2012-ல் தொடங்கிய சங்கதி இல்லை. டிஸ்னியின் பழைய படங்களில் ஓவியர் பென்சிலால் வரைந்ததைக் கண்ணாடித் தாளில் மையால் நகலெடுத்து வண்ணம் நிரப்ப ஒரு தனிப் பிரிவு இருந்தது. 1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் அந்தத் தாள்களைச் செய்தவர்கள் ஏறக்குறைய முழுக்கப் பெண்கள். முன்பக்கம் மைக்கோடு, பின்பக்கம் வண்ணம். கோடு கெடக்கூடாது என்பதற்காகத் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்னாலிருந்து பூசுவார்கள். 1938-ல் அனிமேஷன் பயிற்சி கேட்டு எழுதின ஒரு பெண்ணுக்கு அந்த நிறுவனம் அனுப்பிய கடிதம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. படைப்பு வேலை இளைஞர்களுடையது, பெண்கள் செய்வதில்லை, பெண்களுக்கு உள்ளது நகலெடுப்பதும் வண்ணம் நிரப்புவதும் மட்டும் என்பது அதன் சாரம். தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நம்ம ஊரில் இதற்குச் சாத்திரமே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கடிதத்தில் எழுதினார்கள்.

1960-ல் 'கோலியாத் 2' என்ற குறும்படம் வந்தது. ஓவியரின் பென்சில் கோட்டை ஜெராக்ஸ் முறையில் நேராகக் கண்ணாடித் தாளுக்கு மாற்றி முழுப்படமும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு 'நூற்றொரு டால்மேஷியன்கள்' முழுநீளப் படத்திலும் அதே முறை. மை போடுகிற பெண்களின் வேலை பெருமளவு குறைந்துபோனது. பார்க்கிறவர்களுக்கு என்ன தெரிந்தது? கரடுமுரடான பென்சில் கோடு அப்படியே திரையில் தெரிந்தது. ஓவியரின் கை முன்னைவிடப் பச்சையாகத் தெரிகிறது என்று ரசிகர்கள் இன்றைக்கும் மெச்சுகிறார்கள். ஒரு கை அதிகமாகத் தெரிந்ததற்குக் காரணம் இன்னொரு கை இல்லாமல் போனது. 1990-ல் கணினி வழியே வண்ணம் நிரப்பும் முறை முழுநீளப் படத்துக்கு வந்ததும் பின்பக்கம் பூசின கைகளும் போயின.

'பேப்பர்மேன்' இந்த வரிசையில் வருகிறது. 'கை' என்கிற அடையாளத்தைக் காப்பாற்றுவது, கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இரண்டும் ஒரே இயக்கத்தின் இரண்டு முகங்கள் என்பது என் வாசிப்பு.

*

இந்த இடத்தில் என்னையே நான் மறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'ஐயோ, கை போச்சே' என்று அழுவது நம்முடைய பாட்டா?

கையைப் புனிதமாக்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். கையால் வேலை செய்யாதவர்கள்தான். கைத்தறி, கைக்குத்தல் அரிசி, கைவினைப் பொருள் என்று மேசைமேல் வைத்து அழகு பார்ப்பவர்கள், அதே கைக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எழுதத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று வைகிற சமூகம் இது. இராட்டையைக் காட்டி இயந்திரத்தைப் பழித்த காந்தியத்துக்கு அம்பேத்கர் சொன்ன மறுப்பை நாம் மறக்கக்கூடாது. மனிதருக்கு ஓய்வு வேண்டும், பண்பாடு வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும், கோளாறு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்கிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்கச் சம்மதம். நாலாயிரம் இடைப்படத்தை ஒருவர் கண் பூத்துப்போக வரைய வேண்டியதில்லை.

ஆனால் இயந்திரம் எங்கே ஓடோடி வருகிறது, எங்கே வர மறுக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு காதல் கதையின் மூக்குக் கோட்டுக்கு நடுப்படம் போடத் தனி மென்பொருள் பிறக்கிறது. சுவர் எழுதுகிறவர் வேலையைப் பிடுங்க ஒரே வருசத்தில் தாலுகா தலைநகருக்கு பிரிண்டர் வருகிறது. மலக்குழியிலிருந்து மனிதக் கையை வெளியே எடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். 2018-ல் கேரளத்து இளம் பொறியாளர்கள் 'பாண்டிகூட்' என்கிற இயந்திரத்தைச் செய்து திருவனந்தபுரத்தில் இறக்கியும் காட்டினார்கள். அதற்குப் பிறகும் நம் ஆட்கள் குழியில் இறங்கிச் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்தக் கைக்கு இயந்திரம், எந்தக் கைக்கு விஷவாயு என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கவில்லை. சாதி தீர்மானிக்கிறது. அனிமேஷன் பற்றின கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள், 'கை' என்ற சொல்லை இந்த நாட்டில் வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குச் சொல்லித் தரட்டும்.

இன்னொன்று. கணினி என்றால் கையில்லாதது என்று நினைப்பதும் தப்பு. 'பேப்பர்மேன்' பரிசு வாங்கின அதே இரவில், அதே மேடையில், 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சிமாயங்களுக்கும் ஆஸ்கர் கொடுத்தார்கள். அந்தப் புலியைக் கணினியில் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதற்கு இரண்டு வாரத்துக்குள்தான் திவால் மனு போட்டிருந்தது. அதற்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூடக் கிளைகள் இருந்தன. அரங்குக்கு வெளியே கணினிக் கலைஞர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். உள்ளே விருது வாங்கினவர் நிறுவனத்தின் நிலைமையைப் பேச ஆரம்பித்ததும் இசையைப் போட்டு, மைக்கை அடக்கிவிட்டார்கள். சுட்டியைப் பிடிப்பதும் கைதான். அந்தக் கைக்கும் அதே கதிதான்.

*

கணினிக்கு ஒரு நிறமும் உண்டு. கணினி வரைகலை ஆராய்ச்சியில் 'முடி' என்றால் நேரான முடி, 'தோல்' என்றால் ஒளி ஊடுருவும் வெள்ளைத் தோல் என்று வெகுகாலம் எடுத்துக்கொள்ளப்பட்டதை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் கிம் 2020-ல் எழுதினார். சுருட்டை முடிக்கும் கறுத்த தோலுக்கும் கணக்குப் போட அந்தத் துறை ரொம்ப நாள் மெனக்கெடவில்லை. ஒரு கருவி பொதுவானது என்று சொல்லப்படும்போது யாரை அளவாக வைத்து அது தைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

அதனால்தான் 'ஹேர் லவ்' எனக்கு முக்கியமான படம். மேத்யூ செர்ரி, எவரெட் டவுனிங், புரூஸ் ஸ்மித் ஆகியோர் இயக்கி 2019-ல் வந்தது. ஏழு நிமிடத்துக்குள் முடிகிறது. செர்ரி 2017-ல் பொதுமக்களிடம் 75,000 டாலர் கேட்டார். 2,80,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. 2020-ல் ஆஸ்கரும் கிடைத்தது. ஒரு கறுப்பின அப்பா தன் சின்ன மகளின் சுருட்டை முடியைச் சீவிவிட முதல்முறையாக முயல்கிறார். அவ்வளவுதான் கதை. முடி அவருக்கு அடங்கமாட்டேன் என்கிறது. குத்துச்சண்டை மேடையில் எதிராளியாக வந்து நின்று அவரை அடிக்கிறது. அம்மா பதிவு செய்து வைத்த வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். மருத்துவமனைக்குப் போகிறார்கள். சிகிச்சையில் தலைமுடி இழந்த அம்மா அங்கே இருக்கிறாள். மகள் தான் வரைந்த படத்தை நீட்டுகிறாள்.

இந்தப் படம் முப்பரிமாணத்துக்குப் போகவில்லை. தட்டையான வரைகோட்டு உருவங்களாகவே நிற்கிறது. அந்த முடியின் ஒவ்வொரு சுருளும் இயற்பியல் கணக்கில் விழவில்லை. தானாக முடிவெடுத்துத் துள்ளுகிறது. பாடத்திட்டத்தில் இல்லாத முடியை அந்த முடியோடு வளர்ந்தவர்கள் வரைந்தால் இப்படி இருக்கும். இங்கே கைவரைவு என்பது பழமை மேல் உள்ள ஏக்கமாக வரவில்லை, கணினி தராத ஒரு உடலைத் திரைக்குக் கொண்டுவரும் வழியாக வருகிறது. எங்க பிள்ளைகளில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் 'பறட்டை' என்று பெயர் வாங்கினவள், இந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தடவை போட்டோம். விமர்சனம் என்று நான் எழுதுகிற எதுவும் அந்த மூன்று தடவைக்கு ஈடாகாது.

*

கடைசியாக நம் நாட்டுப் படங்கள் இரண்டு. இரண்டும் நினா சப்னானி இயக்கியவை. மும்பை ஐ.ஐ.டி.யில் அவர் பேராசிரியராக இருந்தார்.

'டாங்கோ போலே சே', 'தையல் பேசுகிறது' எனலாம், 2009-ல் வந்தது. கட்ச் பகுதியில் 1993-ல் தொடங்கிய கலா ரக்ஷா அமைப்பைச் சேர்ந்த கைவினைஞர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். 1971 போரில் சிந்துவின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து எல்லை தாண்டி வந்தது, பிழைப்புக்குத் தையலைப் பிடித்தது, 2001 பூகம்பம். படத்தின் உருவங்கள் ஓவியங்கள் இல்லை. துணியை வெட்டி ஒட்டித் தைத்த தையல் உருவங்கள். அவற்றைக் கணினியில் எடுத்து அசைய விட்டிருக்கிறார்கள். ஊசி போன தடமும் துணியின் நெசவும் திரையில் தெரிகின்றன. குரல்களும் அவர்களுடையவை.

தார்பார்க்கரிலிருந்து வந்த தையற்காரிகளில் மேக்வால் பெண்கள் உண்டு. தோல் வேலையும் நெசவும் தலையில் கட்டப்பட்ட சமூகம், குஜராத்தின் பட்டியல் சாதிகளில் ஒன்று. அவர்கள் கையில் 'சூஃப்' என்றொரு தையல் இருக்கிறது. நூலிழைகளை எண்ணி முக்கோணம் முக்கோணமாகப் போடுகிற தையல். அதைத் துணியின் பின்பக்கமிருந்து போடுகிறார்கள். முன்பக்கம் என்ன வரும் என்பதைக் கண்ணால் பார்க்காமல் கணக்காலேயே அறிகிறார்கள். இதைப் படித்தபோது, கண்ணாடித் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்னாலிருந்து வண்ணம் பூசின அந்த ஸ்டூடியோப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு கூட்டமும் பின்பக்கத்திலிருந்து வேலை செய்தது. வித்தியாசம், கட்சுப் பெண்கள் இந்தப் படத்தில் முன்பக்கம் வந்து தங்கள் வாயால் பேசுகிறார்கள். தொழில்நுட்பம் மியாண்டர் அளவுக்கு நுட்பமில்லை. அசைவு சில இடங்களில் வெட்டுக்காகித பொம்மை போலத் திக்குகிறது. இருக்கட்டும். கோட்டைவிட கோடு போட்டவர் பெரிதாகத் தெரிகிற படம் இது.

'ஹம் சித்ர் பனாத்தே ஹைன்' (2016) பில் பழங்குடிகள் ஏன் ஓவியம் வரைகிறார்கள் என்கிற அவர்களுடைய தொன்மக் கதை. பில் ஓவியர் ஷேர்சிங் பில்லோடு சேர்ந்து செய்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பில் ஓவியம் புள்ளிகளால் ஆனது. யார் வைத்த புள்ளி என்று அவர்களுக்குள் பார்த்தவுடன் தெரியும், கையெழுத்து மாதிரி. போபாலில் பாரத் பவன் கட்டடத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்த பூரி பாய் என்கிற பில் பெண், அங்கேதான் முதன்முதலில் தாளில் வரையத் தொடங்கி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். கட்டட வேலையிலிருந்து ஓவியத்துக்கு. எங்க சித்தப்பா ஓவியத்திலிருந்து கட்டட வேலைக்கு. இரண்டு பயணமும் இதே நாட்டில்தான் நடந்தன.

இந்தப் படங்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. புள்ளி அவருடையது, தையல் அவர்களுடையது, சரி. அடுத்த படத்தின் இயக்குநர் நாற்காலி? கணினி முன்னால் உட்காரப்போகிற மேக்வால் பொண்ணு எங்கே, பில் பையன் எங்கே? ஒத்துழைப்பு என்கிற சொல் இனிமையாக இருக்கிறது. யார் யாருக்கு ஒத்துழைக்கிறார்கள் என்பதில்தான் எப்போதும் சிக்கல். இதைக் குறை சொல்லக் கேட்கவில்லை. அடுத்த படிக்காகக் கேட்கிறேன்.

*

கைக்கோடும் கணினியும் கலந்த படத்தைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டியவை என நான் கருதுவது: கோடு யாருடையது, அவர் பெயர் எங்கே வருகிறது, எந்த அளவு எழுத்தில் வருகிறது. அந்தக் கோட்டை மறுபடி பயன்படுத்தினால் அவருக்குக் கூலி உண்டா. இயந்திரம் எடுத்துக்கொண்ட வேலை யார் உள்ளே நுழைகிற வாசலாக இருந்தது, அதற்குப் பதில் எந்த வாசலைத் திறந்தார்கள். மிச்சமான நேரம் யாருக்குப் போனது. அழகைப் பற்றின கேள்விகள் இவற்றுக்குப் பிறகு வரட்டும். வராமல் போகாது. அழகு நமக்கும் வேண்டும்.

அந்த மழை நாளுக்குப் பிறகு எங்க பிள்ளைகள் ஒரு படம் செய்தார்கள். நாற்பது விநாடி. நோட்டுத் தாளில் வரைந்ததைப் போனில் படமெடுத்து, ஓசிக்குக் கிடைக்கிற ஒரு செயலியில் கோத்து ஓட்டினார்கள். ஒரு நாய் மதகுமேல் நடந்துபோகிறது, அவ்வளவுதான். நடுப்படங்களைச் செயலியே போட்டுத்தரும் என்று ஒருத்தன் கண்டுபிடித்தான். போட்டுப் பார்த்தார்கள். நாய் வழுக்கிக்கொண்டு போனது. "நாய்க்கு காலு இல்லாத மாரி இருக்குது" என்று அவர்களே எடுத்துவிட்டு, நடக்கிற இடத்தை மட்டும் கையால் வரைந்தார்கள். எங்கே இயந்திரம் போதும், எங்கே போதாது என்று வரைகிறவர்களே முடிவுசெய்தார்கள். எனக்கு வேண்டியது அந்த உரிமைதான்.

தலைப்பை எழுதித்தரச் சித்தப்பாவைக் கேட்டார்கள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, எழுதுவதற்கு முன்னால் கேட்டார்: "கடைசில பேரு போடுவீங்களா?"

"போடுவோம் தாத்தா."

"உங்க பேரு எவ்ளோ பெருசோ அவ்ளோ பெருசா போடணும். சும்மா மாடலுக்குன்னா நான் எழுத மாட்டேன்."

போட்டிருக்கிறார்கள். எல்லார் பேரும் ஒரே அளவு.